வாங்காமல் விடவும் கையில் காசு வேண்டும்

“அந்தக் கடையில் இனி ஒன்றும் வாங்காதேங்கோ” என்ற பேச்சு வன்னியில் அடிக்கடி காதில் விழும். காரணம் ஆளுக்கு ஆள் மாறும். எங்கள் ஊர்க் காசெல்லாம் கொழும்பு முதலாளியின் பெட்டிக்குப் போகிறது என்பார் ஒருவர். பலஸ்தீனத்தில் நடப்பதைப் பார்த்தபிறகு இன்ன இன்ன பானங்களைத் தொடமாட்டோம் என்பார் இன்னொருவர். சந்தியில் இருந்த சின்னக் கடைகள் ஒவ்வொன்றாகப் பூட்டுப்படுகின்றன, பூட் சிற்றி சுப்பர் மார்க்கெற் வந்ததுதான் வினை என்பார் மூன்றாமவர். வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் வரும் அறிவுரையும் இதில் சேர்த்தி. (அறிவுரை சொல்பவர் ரொறன்ரோவில் தமிழ்க்கடை ஏறி இறங்கி இலங்கை பிஸ்கட் தேடி வாங்குவது வேறு கதை.)

இந்தக் காரணங்களில் எது சரி என்று வழக்காட நான் வரவில்லை. மனம் ஒத்துக்கொண்ட பிறகும் பலரால் அதைச் செய்ய முடியாமல் போவது ஏன் என்பதுதான் விளங்கவேண்டியது. அமெரிக்காவில் 2025 பெப்ரவரி 28ஆம் திகதி, ஒரு நாள் முழுக்கப் பெரிய கடைகளில் எதுவும் வாங்கவேண்டாம் என்று அழைப்பு விடுத்தார்கள். ரார்கெற் கடைகளை ஒதுக்கச் சொல்லும் இயக்கமும் அதே ஆண்டில் நடந்தது. ஊருக்குள் இருக்கும் ஒரே மலிவுக் கடை வோல்மார்ட் என்றால், எண்ணி எண்ணிச் செலவழிப்பவர் வேறு எங்கே போவார் என்ற கேள்வி அங்கேயும் உண்டு. வன்னியில் அந்தக் கேள்விக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. விலை மட்டும்தான் சிக்கல் என்றால் கணக்குப் போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். இங்கே காசு எப்போது கைக்கு வருகிறது, அது வரும்வரை யார் பொறுத்திருக்கிறார் என்பதில்தான் முடிச்சு விழுகிறது.

2009இல் போர் முடிந்து ஏ9 வீதி திறந்தபோது, அந்த வீதியால் முதலில் வந்தவர்களில் வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் இருந்தன. பின்னாலேயே தவணைக்குக் குளிர்சாதனப் பெட்டியும் கட்டிலும் கொடுக்கும் காட்சியறைகள் வந்தன, சுப்பர் மார்க்கெற் வந்தது. மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து திரும்பிய சனத்துக்கு வீட்டில் ஒரு சட்டி பானை மிச்சமில்லை. எல்லாமே புதிதாக வாங்கவேண்டும், ஆனால் வருமானம் இல்லை. விற்பவனுக்கு இதைவிட நல்ல சந்தை கிடைக்காது. கடன் கொடுத்தால் போதும். பலர் கொடுத்தார்கள். கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலில் வந்து நிற்கும் நுண்கடன்காரரிடம் பெண்கள் பட்ட பாடு ஊரறிந்தது. 2018இல், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்துக் கட்டமுடியாமல் போன ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசே அறிவிக்கவேண்டி வந்தது.

இதற்குள் ஒரு பழைய வாதத்தையும் பார்த்துவிட வேண்டும். வயதானவர்கள் சொல்வார்கள்: “பொருளாதாரத் தடை நேரம் ஒண்டும் இல்லாமல் இருந்தனாங்கள் தானே, இப்ப ஏன் ஏலாது?” கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 1990இல் சண்டை மீண்டும் தொடங்கியபிறகு பற்றரி, எரிபொருள், சீமெந்து, உரம் என்று வடக்குக்குக் கொண்டுபோக அரசு தடைசெய்த சாமான்களின் பட்டியல் நீண்டது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் விட்டு விளக்கு எரித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். பெற்றோலைச் சொட்டு விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. சவர்க்காரத்துக்கு வழியில்லாதவர்கள் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தார்கள். உண்மைதான். ஆனால் அந்த வாழ்க்கையை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. எல்லோரிடமும் இல்லாதிருந்ததால் பக்கத்து வீட்டுப் பிள்ளை கையில் பைக்கற்றோடு நிற்பதைப் பார்த்து எங்கள் பிள்ளை அழும் நிலை வரவில்லை. அப்புறம், அந்தத் தடையால் கொழும்புக் கம்பனி எதுவும் மூடுப்படவில்லை. தடையைத் தாண்டிச் சாமான் கொண்டுவந்தவர் சம்பாதித்தார், வாங்கியவர் பல மடங்கு விலை கொடுத்தார். வாங்காமல் இருந்ததால் வன்னி யாரையும் வழிக்குக் கொண்டுவந்ததாக அந்த அனுபவத்தில் ஒன்றுமில்லை.

தடையைவிட நல்ல உதாரணம் அதற்கு முன்னால் இருக்கிறது. 1970 முதல் 1977 வரை அரசு இறக்குமதியை இறுக்கிப் பிடித்தபோது செத்தல் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் வெளிநாட்டுப் போட்டி இல்லாமல் போனது. விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்த வாலிபர் திட்டங்களில் காணி பெற்றவர்கள் மிளகாய் போட்டு நிமிர்ந்தார்கள். வாங்குபவரோ பாணுக்கு வரிசையில் நின்றார். நாடே சேர்ந்து வெளிச் சாமானை ஒதுக்கியது போன்ற நிலைதான் அது. அதன் லாபம் விதைத்தவனுக்கு வந்தது, ஏனென்றால் கதவைச் சாத்தியது அரசு. 1977இல் கதவு திறந்ததும் அந்த விலையும் போய்விட்டது. தனித்தனி வீடுகள் தங்கள் பையைச் சாத்திக்கொள்வதால் அப்படியொரு விளைவு வராது.

இனி கடன் கொப்பிக்கு வருவோம். வன்னியின் உட்புற ஊர்களில், மல்லாவிப் பக்கமோ ஒட்டுசுட்டான் பக்கமோ, ஒரு சின்னக் கடைக்குள் போய்ப் பாருங்கள். மேசை லாச்சிக்குள் ஒரு தடித்த சீ.ஆர். கொப்பி இருக்கும். மூலை மடிந்து, எண்ணெய்க் கை பட்டுக் கறுத்திருக்கும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம், சிலருக்கு நாலு பக்கம். திகதி, சாமான், தொகை. பருப்பு 250, சீனி அரைக் கிலோ, தேயிலை ஒரு சரை, தேங்காய் எண்ணெய் கால் போத்தல், பனடோல் இரண்டு. ஒரு சாமானும் பெரிய அளவில் இராது. கூலி வேலை கிடைத்த அன்றைக்கு ஒரு தொகை கழிபடும். அருவி வெட்டி நெல் விற்றபிறகு பெரிய தொகை கழிபட்டுக் குறுக்கே ஒரு கோடு விழும். கோட்டுக்குக் கீழே அடுத்த நாளே புதுக்கணக்குத் தொடங்கும்.

இந்தக் கொப்பியில் பெயர் இருப்பவர் சுப்பர் மார்க்கெற்றைப் புறக்கணிக்கவேண்டிய தேவையே இல்லை. அவர் அங்கே போவதில்லை. போனால் பஸ் காசு, போகும் நாளின் கூலி, கையில் முழுக்காசு மூன்றும் வேண்டும். ஐம்பது ரூபாய்க்குப் பருப்பு நிறுத்துத் தா என்று கேட்கலாம்தான், ஆனால் அதை எழுதிவைத்துக்கொள் என்று அங்கே சொல்லமுடியாது. ஆகவே ‘பெரிய கடையைக் கைவிடுங்கள்’ என்ற அழைப்பு ஆகவும் வறிய வீட்டுக்குப் போய்ச் சேரும்போது அதற்கு அர்த்தமே இல்லாமல் போகிறது. கைவிட அவரிடம் ஒன்றுமில்லை. அவரால் ஒரு பெரிய கடைக்கும் ஒரு சதம் நட்டம் வராது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகைக் கணக்கெடுப்புத் திணைக்களக் கணக்கில் நாட்டின் வறுமை வீதம் 4.1. கிளிநொச்சிக்கு 18.2, முல்லைத்தீவுக்கு 12.7. அதற்குப் பிறகு 2022 நெருக்கடியும் வந்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. 2025 முதல் மிக வறிய குடும்பத்துக்குக் கிடைக்கும் அஸ்வெசும என்ற அரச உதவிப்பணம் ஆகக் கூடியது மாதம் 17,500 ரூபாய். அந்தக் காசு வங்கிக்கு வந்த அன்றே அதில் பாதி கொப்பிக்குப் போகும் வீடுகள் உண்டு.

அதற்காகச் சின்னக் கடையில் வாங்குபவர் பெரிய கம்பனியிலிருந்து தப்பிவிட்டார் என்றும் இல்லை. கடைத் தட்டில் இருப்பதைப் பாருங்கள். கோதுமை மா என்றால் திருகோணமலை ஆலையின் பிறிமா, இல்லாவிட்டால் செரண்டிப். சவர்க்காரமும் பற்பசையும் பெரும்பாலும் யூனிலீவர் சாமான். பிஸ்கட் மலிபன் அல்லது மஞ்சி. பால்மா நியூசிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. கடைக்காரர் தன் சனத்துக்குக் கடன் கொடுக்கிறார், ஆனால் விநியோக லொறிக்காரரிடம் பெரும்பாலும் காசு எண்ணித்தான் இறக்குகிறார். நாலு மாதம் பொறுப்பவரும் அவர், கிழமைக் கணக்கில் கட்டுபவரும் அவர். சந்திக் கடைகள் பூட்டுப்படுவதற்குப் பூட் சிற்றியைக் குற்றம் சொல்பவர்கள் இந்த இடைவெளியையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். கொப்பியில் கிடக்கும் காசு வராவிட்டால், போட்டிக்கு யாரும் வராமலேயே கடை படுத்துவிடும்.

சரி, அப்படியென்றால் யாரால் பெரிய கடைக்கு வலிக்கச் செய்யமுடியும்? மாதச் சம்பளக்காரரால். ஆசிரியர், உத்தியோகத்தர், வெளிநாட்டுக் காசு வருபவர், இவர்களால் முடியும். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் வீடு குலையாது. இவர்களுக்கும் தினக்கூலிக்காரருக்கும் நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறது, அவர்கள் நிலைதான் ஆகச் சிக்கல். கிளிநொச்சியில் மாஸ் நிறுவனம் ‘வானவில்’ என்று தமிழ்ப் பெயர் வைத்தே ஆடைத் தொழிற்சாலை நடத்துகிறது. அப்படியான இடத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். 2026 ஜனவரியிலிருந்து நாட்டின் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அவளுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட வரலாம். சம்பளம் வங்கிக்குப் போகிறது, கையில் அட்டை இருக்கிறது, அட்டைக்குச் சில நாட்களில் பெரிய கடை விலைக்கழிவு கொடுக்கிறது. வேலை முடிந்து வரும்போது வெளிச்சத்தோடு திறந்திருப்பதும் அந்தக் கடைதான். கொழும்பு முதலாளிக்குக் காசு கொடுக்காதே என்று அவளிடம் சொன்னால், சம்பளம் தருபவரே கொழும்பு முதலாளிதானே என்று அவள் கேட்பாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

விலைக்கழிவைவிட இன்னொன்றும் அவளை அங்கே இழுக்கிறது. அதைப் புறக்கணிப்புப் பேசுபவர்கள், அதிலும் ஆண்கள், கவனிப்பதில்லை. பெரிய கடையில் விலை ஒட்டியிருக்கிறது. யாரும் பழைய பாக்கியைக் கேட்கமாட்டார்கள். “உன்ரை மனுசன் எங்கை, எப்ப காசு வரும்?” என்று நாலு பேர் முன்னால் விசாரிக்கமாட்டார்கள். பெண் தனியாகக் குடும்பம் நடத்தும் வீடுகள் நிறைந்த இடம் வன்னி. கடன் கொப்பி உதவிதான், அதே நேரம் அது ஊர் முழுக்க உங்கள் அடுப்பைப் பற்றிப் பேசவும் வழி செய்கிறது. கூடை எடுத்துக்கொண்டு பேசாமல் தட்டு வழியே நடந்துபோக முடிவது சிலருக்கு வாரத்தில் கிடைக்கும் ஒரே ஆறுதல். அதை விட்டுவிடு என்று சொல்வது அவ்வளவு சின்ன விஷயமில்லை.

அரிசி விஷயத்தில் இந்தச் சிக்கல் இன்னும் வடிவாகத் தெரியும். இரணைமடுவுக்குக் கீழும் கட்டுக்கரைக்குளத்துக்குக் கீழும் வயல் விரிந்து கிடக்கிறது. ஆனாலும் பொலன்னறுவை ஆலையின் பெயர் அச்சிட்ட அரிசிப் பை கிளிநொச்சிக் கடையில் விலைப்படுகிறது. 2025 பெப்ரவரியில் அரசு அறிவித்த உத்தரவாத விலை, நாட்டு நெல் கிலோவுக்கு 120 ரூபாய். 2024 டிசம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்டரிசியின் உச்ச சில்லறை விலை 230. ஒரு கிலோ நெல்லைக் குற்றினால் ஏறக்குறைய 650 கிராம் அரிசி வரும் என்று வைத்தால், ஒரு கிலோ அரிசிக்குள் இருக்கும் நெல்லின் பெறுமதி 185 ரூபாய் அளவு. மிச்சம் 45. மாதம் 30 கிலோ அரிசி சமைக்கும் வீட்டுக்கு அது 1,350 ரூபாய். குத்துக்கூலி போக மீதி அந்த வீட்டிலேயே நிற்கும். ஆகவே சாப்பாட்டு நெல்லை விற்காமல் வைத்துக்கொண்டால் ஆலை முதலாளியையும் சுப்பர் மார்க்கெற்றையும் ஒரே நேரத்தில் ஒதுக்கலாம், காசும் மிச்சம். கொள்கையும் சேமிப்பும் ஒரே பக்கம் நிற்கும் அபூர்வமான இடம் இது.

பிறகு ஏன் விற்கிறார்கள்? வயல் வரம்பில் லொறி நிற்கிறது. அறுவடை மெசின்காரருக்கு அன்றைக்கே காசு கொடுக்கவேண்டும். உரக்கடைக் கடன், அடகு வைத்த சங்கிலி, கொப்பியில் நாலு பக்கம், எல்லாம் மாசியில்தான் கழுத்தைப் பிடிக்கும். நெல்லைக் காயவைக்கத் தளம் இல்லை, மூட்டை அடுக்க இடம் இல்லை. ஈர நெல்லுக்கு லொறிக்காரர் சொன்னதுதான் விலை. உத்தரவாத விலை என்பது காயவைத்துத் தூற்றி, நெல் சந்தைப்படுத்தும் சபை வாங்கத் தொடங்கும்வரை காத்திருக்க முடிந்தவருக்கு. முடியாதவர் ஆடி ஆவணியில் அதே நெல்லை அரிசிப் பையாக வாங்குகிறார்.

பாலும் இதே வழிதான். காலையில் கறந்த பால் கானில் சேகரிப்பு நிலையத்துக்குப் போகும். வீட்டில் பால்மாத் தேத்தண்ணி. 2022 மார்ச்சில் 400 கிராம் பைக்கற்று 790 ரூபாய்க்கு ஏறியபோதுகூடப் பல வீடுகள் பாலைத் தங்களுக்கென்று நிறுத்தி வைக்கவில்லை. பால் கணக்கு குறித்த நாளில் காசாக வரும், பிள்ளையின் ரியூசன் காசு அதிலிருந்து போகும். மாட்டுக்காரரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

பெரிய கம்பனிக்கு இன்னொரு பலமும் உண்டு, அது தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவில் ஒருமுறை நன்றாக வெளிப்பட்டது. 1906இல் வ.உ.சிதம்பரம்பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பனி தொடங்கியபோது வெள்ளைக்காரக் கம்பனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசிக் கம்பனி எட்டணாவுக்கு இறங்கியதும், இலவசமாகவே ஏற்றுகிறோம், குடையும் தருகிறோம் என்றது. நட்டத்தை எவ்வளவு நாள் தாங்கலாம் என்ற போட்டியில் உணர்ச்சி பலநாள் நிற்காது. 1908இல் வ.உ.சி. சிறைக்குள். இன்றைக்குச் சீனியையும் பருப்பையும் அடக்க விலைக்குக் கிட்ட விற்று, வேறு சாமானில் எடுத்துக்கொள்ளும் பெரிய கடைக்கும் அதே கணக்குத்தான். சந்திக் கடைக்காரருக்கு அந்த ‘வேறு சாமான்’ இல்லை.

எதிர்ப்பக்கத்தில் அமெரிக்காவின் மொன்கொமரி நகரத்தைச் சொல்லவேண்டும். 1955 டிசம்பரிலிருந்து 381 நாட்கள் கறுப்பின மக்கள் பஸ் ஏறவில்லை. ஏறாமல் இருந்தார்கள் என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். வேலைக்குப் போகவேண்டியவர்களை ஏற்றி இறக்கக் கார்களை ஒழுங்குபண்ணி, எங்கே எத்தனை மணிக்கு என்று நேரம் குறித்து, பெற்றோலுக்குக் காசு திரட்டியவர்கள் இருந்தார்கள். அந்த ஒழுங்கு இல்லாவிட்டால் வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் எத்தனை கிழமை நடந்திருப்பார்கள்?

வன்னியில் அப்படியான ஒழுங்கு ஒரு காலம் இருந்தது. பெயர் சங்கக்கடை. 1957இல் உணவு அமைச்சர் பிலிப் குணவர்த்தன காலத்தில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் நாடெங்கும் உருவாகின. கூப்பன் அரிசி அதனூடாக வந்தது. போர்க்காலத்தில் லொறித் தொடரில் வந்த நிவாரணமும் அதனூடாகத்தான் குடும்ப அட்டைக்குப் பங்கிடப்பட்டது. இடம்பெயர்ந்து மரத்துக்குக் கீழே இருந்தபோதும், தறப்பாள் கட்டி ஒரு தராசு வைத்துச் சங்கம் நடந்தது. 2009இல் கட்டடம், களஞ்சியம், வாகனம் எல்லாம் போயின. இன்றைக்கும் சங்கங்கள் இருக்கின்றன, எரிபொருள் நிலையமும் கிராமிய வங்கியும் நடத்துகின்றன. ஆனால் சங்கக்கடைக்குள் போனால் தட்டு பாதி வெறுமையாகக் கிடப்பது புதினமில்லை. மொத்தமாக வாங்க முதல் இல்லை. சின்னத் தொகையாக வாங்கும்போது சந்திக் கடைக்காரருக்குக் கிடைக்கும் விலைதான் சங்கத்துக்கும். அதற்கு மேல் நிர்வாகத்தில் கட்சிக்காரர் கை வைத்த இடங்களும் உண்டு. கடன் கொடுத்தால் திரும்பி வராது என்ற பயமும் உண்டு, அந்தப் பயம் நியாயமானது.

ஆனாலும் கடன் கொப்பிக்கும் சுப்பர் மார்க்கெற்றுக்கும் நடுவில், உறுப்பினருக்குப் பொறுத்திருக்கவும் விலையை ஒட்டி வைக்கவும் கூடிய இடம் அது ஒன்றுதான். ஊருக்குள் யாரும் வேறு வழி காட்டியதாக நான் காணவில்லை. புறக்கணிப்பைப் பற்றி மேடையில் பேசுபவர் எத்தனை பேர் சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்குப் போகிறார்கள் என்பதும் தெரிந்த கதைதான்.

இந்தப் பேச்சில் பலர் தவிர்க்கும் ஒரு விஷயமும் இருக்கிறது. இலங்கையில் கடைப் புறக்கணிப்பு நன்றாகப் பலித்த இடங்களில் பலியானது பெரிய கம்பனி இல்லை. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு முஸ்லிம் கடைகளுக்குப் போகாதே என்று தெற்கில் பரப்பியபோது அடிபட்டது தெருவோரத் துணிக்கடையும் சாப்பாட்டுக் கடையும். வடக்கில் 1990 ஒக்ரோபரில் முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது மன்னாரிலும் முல்லைத்தீவிலும் அவர்களின் கடைகள் சில நாட்களுக்குள் சொந்தக்காரர் இல்லாமல் நின்றன. அது புறக்கணிப்பைவிடப் பாரதூரமானது, ஒப்பிட்டுப் பேசக்கூடாது. ஆனால் ஒரு கடை, ஒரு முகம், ஒரு பெயர்ப்பலகை உள்ளவரைச் சாய்ப்பது எவ்வளவு சுலபம் என்பதை அறிந்த சனம் நாங்கள். நூற்றுக்கணக்கான கிளை உள்ளவருக்குக் கிளிநொச்சியில் ஒரு மாதம் விற்பனை குறைந்தால் கொழும்பில் யாருக்கும் தெரியவராது.

எல்லாவற்றையும் விடு, ஒன்றையாவது செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு என் கணக்கு இப்படி: கோதுமை மா, சீனி, பருப்பு, தொலைபேசி, இவற்றில் வீணாக மனம் வருந்த வேண்டாம், எந்தக் கடையில் வாங்கினாலும் காசு போகும் இடம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அரிசி, பால், முட்டை, நல்லெண்ணெய், கருவாடு, மரக்கறி, இவை இங்கேயே உண்டு. இவற்றிலும் அரிசி முதலில், ஏனென்றால் அதில் மட்டும் வறிய வீட்டுக்கும் காசு மிச்சமாகும். அதற்குத் தையிலிருந்து பங்குனி வரையான கிழமைகளில் வரம்பில் நிற்கும் லொறிக்கு முன்னால் வேறு யாராவது காசோடு நிற்கவேண்டும். காய்ந்த நெல்லுக்கு ஒரு விலை, ஈர நெல்லுக்கு ஒரு விலை என்று பலகையில் எழுதிவைத்து, சாப்பாட்டு நெல்லைச் சங்கத்தின் களஞ்சியத்தில் உறுப்பினர் பெயரில் வைத்து, மெசின் கூலிக்கு மட்டும் முற்பணம் கொடுத்தால்கூடப் போதும். மாதச் சம்பளக்காரரும் வெளிநாட்டில் இருப்பவரும் பங்குப் பணமாகப் போடவேண்டிய தொகை எவ்வளவு, களஞ்சியத்தில் எத்தனை மூட்டை அடுக்கலாம் என்ற கணக்கை மார்கழிக்கு முன் நிர்வாகசபை போட்டிருக்கவேண்டும். அடுத்த பொதுக்கூட்டத்தில் கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.